துண்டுச் சீட்டும் வாப்பாவின் கொப்பியும்

பாக்கி வைத்துவிட்டு ஊர் மாறிப் போனவரிடம் கூலியை எப்படி அறவிடுவது? பசறையில் தையற்கடை வைத்திருந்த என் வாப்பாவை 1970களில் வாட்டிய கேள்வி இது. தோட்டங்களில் இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு கொடிய விடை இருந்தது.

அதன் பெயர் துண்டு. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துவந்த கங்காணி, வழிச்செலவையும் முற்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதுவார். ஆட்கள் தோட்டம் மாற வேண்டுமானால் துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்பதே அதன் சாரம். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடனோ தீராது, புதிய பேரேட்டில் ஏறிக்கொள்ளும். ஆட்களுக்காகத் தோட்டங்கள் போட்டியிட்டபோது தொகையும் வளர்ந்தது. சொல்லாமல் ஓடியவரை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறைக்கு அனுப்பியது. கடனுக்கு மனிதனே ஈடு. 1921இல்தான் துண்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

வாப்பாவிடம் துண்டு இல்லை. ஒரு கொப்பிதான் இருந்தது. தீபாவளிச் சட்டை, கலியாண ரவிக்கை என்று துணி அவர்களுடையது. தையற்கூலி மட்டும் பற்று. அவரைக் கொடைவள்ளலாக்க நான் இதை எழுதவில்லை. சம்பள நாளில் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறியவர்தான் அவரும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. வாப்பாவின் வாடிக்கையாளர்களும் பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.

போகுமுன் பலர் கடைப்படியேறிக் கணக்குத் தீர்த்தார்களாம். காசில்லாத ஒருவர் சேவலொன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனாராம். அதுவும் முடியாதவர்களின் பெயருக்கு நேரே வாப்பா "இந்தியா" என்று மட்டும் எழுதியிருக்கிறார். தொகையை வெட்டவில்லை.

ஏன் வெட்டவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "வெட்டினா மறந்துருவேன் மகன். மறக்கிறது வேற, மன்னிக்கிறது வேற" என்றார். சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதிவைக்கச் சொல்கிறது. அதற்குச் சற்று முன், 280ஆம் வசனம், நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது. கடைசி நோயில் வாப்பா கொப்பியைத் தன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "எல்லாருக்கும் ஹலாலாக்கிட்டேன்" என்றார். அப்போதும் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

துண்டு கடனைக் காப்பாற்றி மனிதனை விற்றது. கொப்பி கடனை விட்டது. மனிதர்களின் பெயரைக் காப்பாற்றியது. அந்தப் பெயர்களை வாசிக்கும்போது இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் உழைத்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது, அவர்களுக்குச் சேரவேண்டியிருந்த பாக்கியை யார் எழுதி வைத்தார்கள்?