பழையாறு

பழையாறு கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாட்டில் ஓடும் சிற்றாறு. நீளம் 40 கி.மீ.க்கும் குறைவு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீரளித்து, மணக்குடியில் கடலில் கலக்கிறது.

தோற்றமும் நீர்வரத்தும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், சுருளகோடு பகுதியில் ஆறு தொடங்குகிறது. சொந்த நீர்ப்பிடிப்பு சிறியது. மேற்கே ஓடும் பரளியாற்று நீரைப் பாண்டியன் கால்வாய் இங்கே கொண்டுவந்து சேர்ப்பதால்தான் இதன் பாசனம் நிலைபெற்றது. பாறையைக் குடைந்து அமைத்த இக்கால்வாய் பாண்டியர் காலத்தது என்பது மரபு. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் பின்னர் வந்த பெருஞ்சாணி அணையும் இந்த நீர்வரத்தை உறுதிப்படுத்தின. இவ்வாறு, இவ்விரு அணைகளையும் உள்ளடக்கிய கோதையாற்றுப் பாசன அமைப்பின் ஒரு பகுதியாகப் பழையாறு இயங்குகிறது.

பாசனம்

சபரி, குமரி, சோழந்திட்டை, பிள்ளைபெத்தான், மிஷன் முதலிய தடுப்பணைகள் ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்து உள்ளன. இவற்றிலிருந்து பிரியும் கால்கள் குளங்களை நிரப்புகின்றன. மேல்வயலின் வடிநீர் மீண்டும் ஆற்றுக்கு வந்து அடுத்த அணையில் பயன்படுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்வதால் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம் நெல் விளைகிறது. அறுவடை நடக்கும் கன்னி (புரட்டாசி), கும்பம் (மாசி) மாதங்களே இப்பெயர்களுக்குக் காரணம்.

கரையோர ஊர்கள்

தோவாளை வட்டத்தின் தலைமையிடமான பூதப்பாண்டி, பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் 1907-இல் பிறந்த ஊர். தாழக்குடி, வீரநாராயணமங்கலம் ஆகிய வேளாண் ஊர்களைக் கடந்து, ஒழுகினசேரியில் நாகர்கோவில் நகரின் விளிம்பைத் தொடுகிறது ஆறு. அடுத்துள்ள சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயில் உள்ளது. அன்றைய திருவிதாங்கூரில் 1926-இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் இக்கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936-இல், கோயில்களை அவர்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் திருவிதாங்கூரில் வெளியானது. அருகிலுள்ள தேரூர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த ஊர். வலசைப் பறவைகள் தங்கும் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

கழிமுகம்

முகத்துவாரத்தின் இருபுறமும் கீழமணக்குடி, மேலமணக்குடி என்னும் மீனவ ஊர்கள் உள்ளன. மணக்குடிக் காயலில் அலையாத்தி மரங்கள் காணப்படுகின்றன. சுற்றுவட்டாரத்தில் உப்பளங்கள் உண்டு. இரு ஊர்களையும் இணைத்த பாலத்தை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. பின்னர் புதிய பாலம் கட்டப்பட்டது.

இன்றைய நிலை

நாகர்கோவிலின் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பாதிக்கின்றன. வயல்கள் வீட்டுமனைகளாகவும் தென்னந்தோப்புகளாகவும் மாறிவருவதால் நெல் பரப்பு சுருங்கியுள்ளது. ஓர் அணையின் மிகுநீரை அடுத்த அணை வாங்கும் ஆறு என்பதால், நகரையொட்டிச் சேரும் மாசு கடைமடை வயல்களையும் காயல் மீன்வளத்தையும் நேரடியாகத் தாக்குகிறது.