மேட்டூர் அணைக் கணக்கு: செல்போன் செய்வதும் செய்யாததும்



அளவு மாற்றித் தரும் செயலி இன்று எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. அடியைக் கொடுத்தால் மீட்டர் வரும், ஏக்கரைக் கொடுத்தால் ஹெக்டேர் வரும். நல்ல கருவிதான். ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நம் மேட்டூர் அணையைவிடச் சிறந்த பாடம் இல்லை.

அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றார்கள். அன்றைய பொறியாளர்கள் அடியிலும் கன அடியிலும் கணக்கு எழுதினார்கள். நாடு விடுதலை பெற்று, 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பிறகு படி போய் லிட்டர் வந்தது. வீசை போய் கிலோ வந்தது. அணைக் கணக்கு மட்டும் மாறவில்லை. இன்றும் நீர்மட்டம் அடியில், வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, இருப்பு டி.எம்.சி.யில்.

இதில் மூன்று வகைக் கணக்கு இருக்கிறது.

முதலாவது எளிது. முழு மட்டம் 120 அடி என்றால் 36.58 மீட்டர். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர். இதைச் செயலியே செய்துவிடும்.

இரண்டாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 12,000 கன அடி திறப்பு என்று செய்தி வரும்போது "விநாடிக்கு" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கிறோம். அது ஓட்டத்தின் வேகம், டி.எம்.சி. என்பது கொள்ளளவு. நடுவில் காலம் வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 12,000-ஐ 86,400-ஆல் பெருக்கினால் 103.68 கோடி கன அடி. ஆக ஒரு நாளில் சற்றேறக்குறைய 1.04 டி.எம்.சி. போகிறது.

இப்போது யோசியுங்கள். வரத்தே இல்லாமல் இதே அளவு திறந்தால், நிரம்பிய அணையும் 90 நாளில் காலி. டெல்டாவுக்கு வழக்கமாகத் தண்ணீர் விடும் காலமோ ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை, 230 நாட்களுக்கு மேல். அணை நிரம்பினால் மட்டும் போதாது, தொடர்ந்து வரத்து வேண்டும் என்பது இந்தப் பெருக்கலில் தெரிகிறது.

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டிய ஆண்டுத் தண்ணீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைந்தது 14.75 டி.எம்.சி. கேட்கச் சின்ன எண். விநாடிக்கு 12,000 கன அடி வீதம் பார்த்தால் முழுதாக இரண்டு வாரத் தண்ணீர். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் இரண்டு வாரம் என்றால் என்ன என்று நாமக்கல் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் நெல் நடுகிறவர்களைக் கேளுங்கள்.

மூன்றாவது, நீர்மட்டத்திலிருந்து இருப்பைக் கண்டுபிடிப்பது. 60 அடி என்றால் பாதி அணை என்று நினைக்காதீர்கள். அப்போது இருப்பு சுமார் 25 டி.எம்.சி.தான், கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். அணைக்குள் இருப்பது நேர்ச்சுவர்த் தொட்டியல்ல. அடியில் குறுகி மேலே விரிந்த பள்ளத்தாக்கு. மேல் அடிகளில்தான் தண்ணீர் அதிகம். இதற்கு எந்தப் பெருக்கல் எண்ணும் கிடையாது. அந்த நிலத்தை அளந்து தயாரித்த கொள்ளளவு அட்டவணைதான் வழி.

பொறியாளர் ஆன மாணவர்களுக்கும் இதே பேச்சுதான். பொத்தானை அழுத்தும் முன், கையில் இருப்பது நீளமா, வேகமா, கொள்ளளவா என்று பாருங்கள். அலகை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

இன்றைய வீட்டுப்பாடம்: வரத்து விநாடிக்கு 5,000 கன அடி, வெளியேற்றம் 20,000 கன அடி. பத்து நாளில் இருப்பு எத்தனை டி.எம்.சி. குறையும்? பேரப்பிள்ளைகளையும் உட்கார வைத்துப் போட்டுப் பாருங்கள். விடையை மட்டும் எழுதாமல் வழிமுறையோடு கீழே எழுதுங்கள். மதிப்பெண் உண்டு.