உறிக்குரிய பானை: குசைர் அல்-கதிம் பொறிப்பும் தமிழர் வீட்டுச் சேமிப்பு முறையும்

எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள குசைர் அல்-கதிமில் சவுத்தாம்டன் பல்கலைக்கழக அகழாய்வுக் குழு கண்டெடுத்த பானை ஓட்டின் தமிழ்-பிராமிப் பொறிப்பைக் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். 2007இல் அந்தப் படிப்பு வெளியானது. கலம் இந்தியாவில் வனைந்த சேமிப்புச் சாடி என்பதை மட்கல ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் அடையாளம் கண்டிருந்தார். எழுத்தமைதி கொண்டு மகாதேவன் அதைக் கி.மு. முதல் நூற்றாண்டளவில் வைத்தார். அன்றிலிருந்து இந்த ஓடு பெரும்பாலும் கடல் வணிகத்தின் சான்றாகவே பேசப்படுகிறது. வீட்டுச் சேமிப்பின் வரலாற்றுக்கு அது சொல்வது அதைவிடக் குறைவானதல்ல என்பதே என் வாதம். அதற்கு மகாதேவன் சொன்ன பொருளிலிருந்து ஓரடி விலக வேண்டியிருக்கிறது.

எழுத்துகளை அவர் படித்த முறையில் எனக்கு மாறுபாடு இல்லை. பொருளில்தான் மாறுபாடு. 'ஒறி' என்பதைக் கயிற்று வலையான 'உறி' என்று கொண்டு, 'உறியில் தொங்கும் பானை' என்று அவர் விளக்கினார். 'தொங்கும்' என்பது பொறிப்பில் இல்லை, அவர் வருவித்தது. வருவிப்பதில் தவறில்லை, தொகைச்சொற்களை அப்படித்தான் விரிக்கிறோம். ஆனால் விரிக்கும்போது தலைமைச் சொல் இடம் மாறிவிட்டது. நெற்குதிர் ஒரு குதிர். உப்புச்சாடி ஒரு சாடி. அடுக்குப்பானை ஒரு பானை. தமிழ்த் தொகையில் தலைமை பெரும்பாலும் பின்சொல்லுக்கே. உறியில் வைக்கும் பானையைச் சொல்ல நினைத்தவர் 'உறிப்பானை' என்றே எழுதியிருப்பார். 'பானை உறி' என்றால் அது உறியின் பெயர்: பானைக்கான உறி.

அப்படியானால் உறியின் பெயரைப் பானையில் ஏன் பொறிக்க வேண்டும்? இதற்கு இரண்டு விடைகள் சாத்தியம். பானையும் உறியும் ஒரே தொகுதியாகக் கைமாறியிருக்கலாம். அல்லது, இந்தக் கலம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற இடக்குறிப்பாக அது இருக்கலாம். நான் இரண்டாவதையே ஏற்கிறேன். பானையின் மேல் 'பானை' என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. செய்தி இரண்டாம் சொல்லில் இருக்கிறது. கொடுமணலிலும் அழகன்குளத்திலும் கிடைத்த தமிழ்-பிராமி ஓடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள். குசைர் அல்-கதிமிலேயே முன்பு கிடைத்த இரு ஓடுகளில் இருப்பவையும் கணன், சாதன் என்ற பெயர்கள்தாம். உடைமையாளர் பெயரைப் பொறிப்பதே வழக்கமாக இருந்த இடத்தில், பெயரே இல்லாமல் ஒரு கலத்தின் மேல் உறியைப் பொறித்தவருக்கு யாருடையது என்பதைவிட எங்கே இருப்பது என்பதே முக்கியமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொறிப்பு கலத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருமுறை இருக்கிறது. மகாதேவன் இதைப் பதிவு செய்துவிட்டுக் கடந்து போகிறார். நான் இங்கே நின்று பார்க்கிறேன். உறியின் அடியில் கயிற்றை வளையமாகச் சுற்றிய ஓர் இருக்கை. அதிலிருந்து மூன்றோ நான்கோ புரிகள் பானையின் தோளை ஒட்டி மேலேறி ஒரு முடிச்சில் சேரும். பானையைத் தூக்கி வைக்கும்போது புரி எந்தப் பக்கத்தில் விழும் என்பது வைப்பவர் கையைப் பொறுத்தது. ஒரு பக்கத்து எழுத்தைக் கயிறு மறைத்தாலும் மறுபக்கம் தெரியும். கலத்தைப் பலர் எடுத்து வைக்கும் இடத்தில், கப்பலானாலும் பண்டகசாலையானாலும், இப்படி இருபுறமும் எழுதுவதற்குத் தேவை இருக்கிறது. சான்று மெலிந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரட்டைப் பொறிப்புக்குக் காரணம் சொல்லாத விளக்கத்தைவிட, காரணம் சொல்லும் விளக்கத்துக்கே நான் முன்னிடம் தருவேன்.

'ஒறி' என்பதை அரை நாழியாகிய 'உரி' என்ற அளவாகக் கொள்ளலாமே என்று கேட்கலாம். சேமிப்புக் கலத்தில் கொள்ளளவு எழுதுவது இயல்பானதுதான். ஆனால் தமிழ்-பிராமியில் றகரத்துக்குத் தனி எழுத்து உண்டு. இங்கே இருப்பது றகரம். தவிர, சேமிப்புச் சாடிக்கு உரி என்ற அளவு மிகச் சிறியது. அந்த வழி அடைபடுகிறது.

அடைபடாத சிக்கல் முதலெழுத்தில் இருக்கிறது. உலக்கை பேச்சில் ஒலக்கை ஆகிறது, உடம்பு ஒடம்பு ஆகிறது; அடுத்த அசையில் அகரம் வருவதால் நேரும் மாற்றம் இது. 'உறி'யில் அடுத்து வருவது இகரம். அங்கே உகரம் ஒகரமாகத் திரிய வேண்டிய தேவையில்லை. பிராமியில் உகரத்துக்கும் ஒகரத்துக்கும் வேறுபாடு மேலே ஒரு குறுக்குக்கோடுதான் என்பதால் கைப்பிசகு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இரு பக்கமும் அதே வடிவம் இருக்கும்போது பிசகு என்பது எளிதில் ஒப்ப முடியாத விளக்கம். எழுதியவரின் வட்டார ஒலிப்பாக இருக்கலாம் என்பதற்கு மேல் இப்போது போக வழியில்லை.

இந்த ஓடு ஏன் முக்கியம் என்பதை இலக்கியச் சான்றுகளை வரிசைப்படுத்தினால்தான் காண முடியும். உறி என்பது கூரையிலிருந்தோ காவடித் தண்டிலிருந்தோ தொங்கும் கயிற்று வலை என்று மகாதேவன் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார். வரலாற்றில் இரண்டும் ஒன்றாகத் தோன்றியவை என்று கொள்ள முடியாது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உறி ஆயனின் தோளில் இருக்கிறது; உறிக் காவடியைச் சுமந்து சுமந்து தோள் தழும்பேறியிருக்கிறது. கலித்தொகையின் பாலைக்கலியில் அது அந்தணரின் கரகத்தைத் தாங்கி வழிநடக்கிறது. இரண்டுமே சுமக்கும் உறிகள். வீட்டில் நிலையாகத் தொங்கும் உறி தெளிவாகத் தெரிவது சிலப்பதிகாரத்தில், ஆய்ச்சியர் குரவையில்: ஆயர்குல மாதரி காணும் தீநிமித்தங்களில் ஒன்று உறி வெண்ணெய் உருகாமல் கிடப்பது. பின்னர் பெரியாழ்வார் பாடும் ஆய்ப்பாடியில் உறிகள் முற்றத்தில் உருள்கின்றன. தோளிலிருந்து உத்தரத்துக்கு, வழிப்பயணத்திலிருந்து வீட்டு ஒழுங்குக்கு உறி நகர்ந்தது என்று இதிலிருந்து ஒரு கோடு இழுக்கத் தோன்றும். ஆனால் சிலம்பின் காலத்தை 2ஆம் நூற்றாண்டு என்பாரும் 5ஆம் நூற்றாண்டுக்குப் பின் என்பாரும் உண்டு. கலித்தொகை மற்றத் தொகைநூல்களுக்குப் பிற்பட்டது என்பது பலர் கருத்து. கோட்டின் இரு முனையும் அசைகின்றன.

குசைர் ஓடு இடக்குறிப்பு என்றால், கலத்துக்கு நிலையான தொங்கிடம் உண்டு என்ற எண்ணம் சிலம்புக்கு முந்தியதாகிறது. சுமைகாரரின் உறியாக ஏன் இருக்கக் கூடாது? தோளில் போகும் சுமைக்கு 'இது உறிக்குரியது' என்று எழுத வேண்டியதில்லை. அது அப்போது உறியில்தான் இருக்கிறது. இறக்கி வைத்து, மறுபடி அதே இடத்தில் ஏற்ற வேண்டிய கலத்துக்குத்தான் குறிப்பு வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்பதில் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். இலக்கியத்தில் ஆயர் உறியெல்லாம் பாற்பொருளோடு சேர்ந்தே வருவதால் நெய் என்று நினைக்கலாம். செங்கடல் வழிநூலான பெரிப்ளசும் இந்திய நெய்யைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது மேற்கிந்தியப் பகுதியிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன நெய்.

வீட்டுக்குள் உறியின் இடம் எதிரிகளால் அமைந்தது: எறும்பு, எலி, பூனை, தரையின் ஈரம். நெல் கனமானது, அது குதிரில் தரையோடு இருந்தது. மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இணைப்பை மண்ணால் பூசி, மேலே கொட்டிக் கீழே வாய்திறந்து எடுப்பது குதிர். முதலில் போட்ட நெல் முதலில் வெளிவரும். ஏணி எட்டாத உயரமும் திறந்து கொட்டும் முகடுமாகப் பெரும்பாணாற்றுப்படை காட்டும் நெற்கூடு பழைய தானியம் நிரம்பியது. உறியில் கணக்கு நேர்மாறு. அடுக்கிய பானைகளில் அன்றாடம் தொடுவது மேலே, எப்போதாவது தொடுவது அடியில். ஆண்டுக்கான பொருளும் அன்றைக்கான பொருளும் ஒரே கூரையின் கீழ் இரு வேறு விதிப்படி இயங்கின. பரணும் மாடக்குழியும் இவற்றுக்கு இடையில் வந்தவை. அவை தனியே எழுத வேண்டியவை.

உறி எப்போது இறங்கியது என்பதற்கும் ஒரே தேதி கிடையாது. உத்தரமில்லாத கான்கிரீட் தளம், எவர்சில்வர் டப்பா, குளிர்ப்பெட்டி மூன்றும் ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு பத்தாண்டுகளில் போய்ச் சேர்ந்தன. இவற்றில் கான்கிரீட் தளத்தையே முதற்காரணமாக நான் கருதுகிறேன். பழைய ஓட்டுவீட்டின் அடுக்களையில் குளிர்ப்பெட்டி வந்த பிறகும் மோர்ப்பானை உறியில் தொங்கியது. தளம் போட்ட வீட்டில் கயிறு கட்ட இடமே இல்லாமல் போயிற்று.

என் வாசிப்பைக் கவிழ்க்கக்கூடிய சான்று எது என்பது தெளிவு. கலத்தின் பெயரை முன்வைத்து, அதில் உள்ள பொருளையோ அளவையோ பின்வைத்து எழுதிய இன்னோர் ஓடு கொடுமணலிலோ கீழடியிலோ கிடைத்தால், 'ஒறி'யும் அத்தகைய சொல்லாகலாம். இடக்குறிப்பு என்ற கருத்தை அப்போது கைவிட வேண்டிவரும். மாறாக, கலத்தின் இடமாகக் குதிர், பரண் போன்றவற்றைக் குறிக்கும் ஓடு கிடைத்தால், இடக்குறிப்பு என்ற வாசிப்பு வலுப்பெறும்; 'தொங்கும்' என்று வருவிப்பதற்கு இடமிருக்காது.