திட்டமிடக் கற்ற காதுகள்: ஒலிப்பதிவுக் கல்வியின் வரலாற்றில் ஒரு பார்வை

ஒலிப்பதிவின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கூம்பு போய் மைக் வந்தது, மெழுகுத் தட்டு போய் காந்த நாடா வந்தது, நாடா போய் கணினி வந்தது என்று அந்த வரலாறு நகரும். அந்தக் கருவிகளைக் கையாண்டவர்கள் தங்கள் தொழிலை எங்கே, யாரிடம், எந்த வரிசையில் கற்றார்கள் என்பது அதில் ஓர் ஓரக் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. இக்கட்டுரை அந்தக் கேள்வியை நடுவில் வைக்கிறது. ஒரு நல்ல ஒலிப்பதிவுக்கு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை பல: எந்தக் கூடம், யார் எங்கே நிற்பது, எந்த மைக் எவ்வளவு தூரத்தில், எதை முதலில் பதிவது, எதைப் பின்னால் சேர்ப்பது, கடைசியில் கேட்பவர் காதில் என்ன விழ வேண்டும். இந்த முடிவெடுக்கும் திறனையே இங்கே திட்டமிடல் என்கிறேன். தொடக்கக் காலத்தில் கருவியின் போதாமையே இத்திறனைக் கட்டாயப்படுத்திக் கற்றுக்கொடுத்தது. பிறகு ஸ்டுடியோ நிறுவனங்களின் பணிப்படிநிலை கற்றுக்கொடுத்தது. அவை இரண்டும் தளர்ந்தபோது அந்தப் பொறுப்பு கல்விக்கூடத்தின் தோளில் விழுந்தது. கருவி எளிதாக எளிதாகத் திட்டமிடலைத் தனியே கற்பிக்கும் தேவை கூடியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மெழுகு விதித்த ஒழுங்கு

1925இல் மின்வழி ஒலிப்பதிவு நடைமுறைக்கு வரும்வரை பதிவு என்பது ஒலியைத் திரட்டும் ஒரு கூம்பின் முன் நடந்த காரியம். பாடகர் கூம்பின் வாயருகே நிற்பார். உரத்த ஒலியுள்ள பித்தளை வாத்தியங்கள் பின்னால் தள்ளி நிற்கும். வயலினின் மெல்லிய ஒலி போதாததால் உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலின்கள் பயன்பட்டன. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெழுகில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால் அதன் வரிப்பள்ளம் சிதைந்துவிடும். ஆகவே சோதனைக்காகக் கேட்ட தட்டு அச்சுக்கு உதவாது. ஒலியின் சமநிலை, பாட்டின் நீளம், நிற்கும் இடம் எல்லாம் ஊசி மெழுகைத் தொடுமுன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902 ஏப்ரலில் மிலான் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் ஓபரா பாடகர் கருசோவின் பத்துப் பாடல்களை ஒரே பிற்பகலில் பதிவு செய்தார் என்றால், அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்தது இப்படிப்பட்ட முன்தீர்மானமே.

அதே ஆண்டு நவம்பரில் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மணிக்கணக்கில் விரியக்கூடிய ஒரு ராகத்தை, ஒரு தட்டு இடம்தரும் மூன்று நிமிடத்துக்குள் அடக்குவது எப்படி என்பதை அந்தப் பாடகி தாமே திட்டமிட வேண்டியிருந்தது. பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். ஜெர்மனியின் ஹானோவரில் தட்டுகளை அச்சடித்த ஆலையில் எந்தத் தட்டு யாருடையது என்று அறிய அந்த அறிவிப்பு உதவியது என்பார்கள். ஒரு பதிவு தான் பிறந்த அறையைத் தாண்டி எந்தெந்தக் கைகளுக்குப் போகும் என்பதைக் கூடக் கலைஞர் கணக்கில் கொண்டார் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இந்த அறிவு கைமாறிய விதம் குறுகலானது. பதிவு இயந்திரம் ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். கூம்பின் வாய் மட்டுமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெழுகின் பக்குவமும் கூம்பின் அளவும் தொழில் ரகசியங்களாகக் காக்கப்பட்டன. உதவியாளராகச் சேர்ந்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றார். எழுதிவைத்த பாடம் இல்லை. இருந்தும் திட்டமிடாதவரின் மெழுகு அன்றே வீணானது. அந்த இழப்பே ஆசிரியராக இருந்தது.

படிநிலையே பாடத்திட்டம்

காந்த நாடா இந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனம் காட்டிய மேக்னட்டோஃபோன், போருக்குப்பின் அமெரிக்கா சென்று, 1948இல் ஆம்பெக்ஸ் 200 என்ற கருவியாக மறுபிறவி எடுத்தது. பதிந்ததை உடனே கேட்கலாம், பிடிக்காததை அழிக்கலாம், இரண்டு டேக்குகளை, அதாவது ஒரே பாட்டின் இரண்டு பதிவு முயற்சிகளை, வெட்டி ஒட்டலாம். தவறுக்கு மறுவாய்ப்பு கிடைத்தபோது, பழைய தண்டனையின் இடத்தில் வேறொரு பயிற்சிமுறை வேண்டியிருந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் அதைத் தங்கள் பணிப்படிநிலையிலேயே வைத்திருந்தன. 1931இல் இசையமைப்பாளர் எல்கரின் இசைப்பதிவோடு திறக்கப்பட்ட லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே பள்ளிப் படிப்பை முடித்துச் சேரும் இளைஞர், நாடாக்களைச் சேமிக்கும் பிரிவிலோ உதவியாளர் பணியிலோ தொடங்கி, நாடாக் கருவியை இயக்கும் டேப் ஆபரேட்டராகி, தட்டு வெட்டும் அறையில் பழகி, அதன் பிறகே ஒலிகளின் அளவைக் கட்டுப்படுத்தும் கன்சோலின் முன் உட்காரும் பேலன்ஸ் இன்ஜினியர் ஆவார். ஜெஃப் எமெரிக் 1962இல் பதினாறு வயதில் அங்கே சேர்ந்தார். 1966இல் இருபது வயதில் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' தொகுப்புக்குப் பொறுப்பேற்றார். கென் ஸ்காட் 1964இல் நாடா நூலகத்தில் தொடங்கி இதே வழியில் மேலே வந்தார்.

இந்த வரிசைக்குள் ஒரு பாடத்திட்டம் ஒளிந்திருக்கிறது. நூலகத்தில் இருப்பவர், பெட்டியின் மேல் எழுதப்படாத ஒரு டேக் நாளைக்கு யாருக்கும் பயன்படாது என்று கற்கிறார். டேப் ஆபரேட்டர், மூத்தவர் எடுக்கும் நூற்றுக்கணக்கான முடிவுகளை, அவற்றின் சுமை தம்மேல் இல்லாமல், பக்கத்திலிருந்து பார்க்கிறார். தட்டு வெட்டுபவர்தான் கடைசி உண்மையைக் காண்கிறார்: அளவுக்கு மீறிய தாழ்சுருதி ஒலி ஊசியைத் துள்ளச் செய்யும், ஒரு பக்கத்தின் நீளம் கூடினால் ஒலியின் அளவு குறைந்தாக வேண்டும். கன்சோலுக்கு வரும்போது அவர் கையில் பதிவின் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி எண்ணும் பழக்கம் இருக்கிறது. விளைவை முதலில் கண்டு, காரணத்தைப் பிறகு கையில் எடுக்கும் இந்த முறை, திட்டமிடலைக் கற்பிக்கும் முறைகளில் மிகச் சிறந்த ஒன்று என்று துணிந்து சொல்லலாம்.

திட்டமிடல் எந்த உயரத்தை எட்டியது என்பதை டெக்கா நிறுவனம் வியன்னாவின் சோஃபியன்சால் அரங்கில் பதிவு செய்த வாக்னரின் 'ரிங்' ஓபராத் தொடர் காட்டுகிறது. 1958இல் தொடங்கி 1965இல் முடிந்த அந்தப் பணியில், தயாரிப்பாளர் ஜான் கல்ஷாவும் அவருடைய குழுவினரும் பாடகர்கள் நிற்கும் மேடைத் தரையை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்தனர். எந்தச் சொல்லில் யார் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு நகர வேண்டும் என்பது இசைக்குறிப்பின் மேலேயே முன்கூட்டிக் குறிக்கப்பட்டது. வாக்னர் கேட்டிருந்த பதினெட்டுப் பட்டறைக்கல்களும் தேடித் திரட்டப்பட்டன. ஸ்டீரியோவில் கேட்பவர் கண்ணால் காணாத ஒரு மேடையைக் காதால் காண வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அந்த மேடை, முதல் மைக் வைக்கப்படும் முன்பே தாளில் இருந்தது.

டெட்மோல்டின் விடை

படிநிலைக் கல்விக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஆலையும் அரங்கும் தட்டு விற்பனையும் ஒரே கூரையின் கீழ் உள்ள நிறுவனம் இருந்தால்தான் அது நடக்கும். அந்த நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சிலருக்கே அது கிடைக்கும். இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் இசைத்துறையினர். பெர்லின் இசைக்கல்லூரியில் 1928இல் வானொலி இசைக்கான ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கியது. 1935இல் அது மூடப்பட்டது. 1946இல் இசையமைப்பாளர் ஆர்னல்ட் ஷோன்பெர்க், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹட்சின்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இசை, ஒலியியல், இயற்பியல், இயந்திரவியல் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்ற ஒலிப்பதிவாளர்களை உருவாக்க வேண்டும் என்று வாதிட்டார். ஓர் இசை குறையின்றி ஒலித்தால் எப்படி இருக்கும் என்ற வடிவத்தை மாணவர் மனத்துக்குள் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்தின் மையம். பதிவு செய்யப்போகும் ஒலியைப் பதிவுக்கு முன்பே மனத்தில் கேட்பது என்பதைத் தவிர திட்டமிடலுக்கு வேறு நல்ல விளக்கம் இல்லை.

அந்தக் கனவு 1949இல் ஜெர்மனியின் டெட்மோல்டில் நிறைவேறியது. எரிக் தீன்ஹவுஸ் அங்குள்ள இசைக்கழகத்தில் டோன்மைஸ்டர் என்ற ஒலிப்பதிவு வல்லுநருக்கான படிப்பைத் தொடங்கினார். அந்தப் படிப்பு ஓர் இசைக்கழகத்துக்குள் தொடங்கியது கவனிக்கத் தக்கது. மாணவர் வாத்தியம் வாசித்துக்காட்ட வேண்டும், இசைக்குறிப்பைப் படிக்க வேண்டும், காதுப் பயிற்சியில் தேற வேண்டும். கூடவே கணிதமும் மின்னியலும் கற்க வேண்டும். 1970இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் இதே பெயரில் ஒரு படிப்பைத் தொடங்கியபோது, மாணவர் ஓர் ஆண்டு முழுவதும் தொழிற்களத்தில் பணிபுரிவதையும் சேர்த்துக்கொண்டது. ஏபி ரோடு படிநிலையில் கிடைத்ததைக் கல்லூரி தன் வழியில் மீட்டெடுக்க முயன்றது என்று இதைக் காணலாம்.

இரண்டு மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக வலுவாக எழக்கூடிய மறுப்பு, இருபதாம் நூற்றாண்டின் மிகத் துணிச்சலான பதிவுகள் திட்டத்தை மீறியதால் பிறந்தவை என்பது. பீட்டில்ஸ் ஸ்டுடியோவையே எழுதுமேசையாக்கிக்கொண்டார்கள். அங்கே முன்தீர்மானம் எங்கே என்று கேட்கலாம். 1967 ஜனவரியில் தொடங்கிய 'எ டே இன் தி லைஃப்' பாடலின் பதிவை அருகிலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும். பாட்டின் நடுவில் என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆனால் தெரியாத அந்த இடத்தின் அளவு இருபத்துநான்கு தாளக்கட்டு என்று முடிவாகியிருந்தது. உதவியாளர் மால் எவன்ஸ் ஒன்று முதல் உரக்க எண்ணினார். வெற்றிடம் முடியும் கணத்தில் ஓர் அலாரக் கடிகாரம் ஒலித்தது. பிப்ரவரி 10ஆம் நாள் நாற்பது வாத்தியக் கலைஞர்கள் வந்து அந்த இடத்தை நிரப்பினார்கள். நாடாவின் நான்கு ட்ராக்குகள் (தனித்தனி ஒலித்தடங்கள்) போதாததால், கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குறியைக் கொண்டு இரண்டு நாடாக் கருவிகளை இணைத்து ஓட்டும் வழியைக் கண்டார். எதை நிரப்புவது என்பது திறந்திருந்தது. எங்கே, எவ்வளவு, எந்தக் கருவியில் என்பது எண்ணி வைக்கப்பட்டிருந்தது. சோதனைக்கு இடம்விட்டுத் திட்டமிடுவதும் திட்டமிடலே. அதற்குத்தான் மிகுந்த பயிற்சி வேண்டும். படிநிலையில் வளர்ந்த பொறியாளர்கள் சுற்றி நின்றதால்தான் அந்தச் சுதந்திரம் பயன் தந்தது.

இரண்டாவது மறுப்பு, காதை வகுப்பறையில் கற்பிக்க முடியாது, எமெரிக்கும் ஸ்காட்டும் எந்தப் பட்டமும் இன்றி வந்தவர்கள் என்பது. அவர்கள் பட்டம் பெறவில்லை என்பது சரி. கற்பிக்கப்படவில்லை என்பது சரியல்ல. ஆண்டுக்கணக்கில், ஒழுங்கான வரிசையில், மேற்பார்வையின் கீழ் அவர்கள் கற்றார்கள். இன்று அந்த வரிசையைத் தரக்கூடிய நிறுவனங்கள் அருகிவிட்டன. 1991இல் புரோ டூல்ஸ் மென்பொருளும், அதை ஒட்டி வீடியோ நாடாவில் எட்டு ட்ராக் பதியும் ஏடாட் கருவியும் சந்தைக்கு வந்தபின், பெரிய ஸ்டுடியோவின் வேலை படிப்படியாகச் சிறு அறைகளுக்கு நகர்ந்தது. நியூயார்க்கில் 1969இல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆடியோ ரிசர்ச், சிட்னியில் 1976இல் தொடங்கிய எஸ்.ஏ.இ. போன்ற தனியார் பயிற்சி நிலையங்கள் முன்பே உருவாகியிருந்தது, ஸ்டுடியோக்களின் உள்வழிக் கல்வி எல்லோருக்கும் போதவில்லை என்பதையே காட்டுகிறது.

சென்னையின் இரு முறைகள்

தமிழ்த் திரையிசை இந்த வரலாற்றின் இரு முனைகளையும் ஒரே ஊரில் காட்டுகிறது. சென்னையில் 1945இலேயே மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவோடு ஒலிப்பதிவும் பாடமானது. இன்று தரமணியிலுள்ள அரசு திரைப்படக் கல்லூரி அதன் வழிவந்தது. டெட்மோல்டுக்கு நான்கு ஆண்டு முந்திய இந்தத் தொடக்கம் பெருமைக்குரியது. ஆனால் அங்கே ஒலிப்பதிவு பொறியியலின் வாசல் வழியாக நுழைந்தது. டெட்மோல்டில் இசையின் வாசல் வழியாக. இசையைத் திட்டமிடும் அறிவு சென்னையில் கல்லூரிக்கு வெளியே, இசையமைப்பாளரின் மேசையில் வளர்ந்தது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்குமான பகுதியை மேற்கத்திய இசைக்குறிப்பில் முழுதாக எழுதிய பிறகே பதிவைத் தொடங்குவார். வாத்தியக்காரர்கள் காலையில் தங்கள் பகுதியைப் படியெடுத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பதிவு அறையில் எஞ்சியிருப்பது ஒலிக்கச் செய்வது மட்டுமே.

1989இல் தம் வீட்டருகே பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்த ஏ.ஆர். ரஹ்மானின் முறை வேறு. கலைஞர்கள் தனித்தனியாக வருவார்கள், பல சாத்தியங்கள் பதிவாகும், பாட்டின் இறுதி வடிவம் பின்னர் தேர்வாகும். தாம் பாடியது எப்படி வரும் என்று பாட்டு வெளியாகும்வரை தெரியாது என்று பாடகர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். முதல் முறை திட்டமிட்டது, இரண்டாவது திட்டமற்றது என்று முடிவு கட்டுவது தவறாகும். தனித்தனியாக வருபவர்கள் கடைசியில் ஒன்று சேர வேண்டுமானால் லயமும் சுருதியும் முதல் நாளே உறுதியாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு டேக்கும் பெயரிடப்பட்டு, தேடினால் கிடைக்க வேண்டும். எதைத் தேர்வது என்பதற்கான அளவுகோல் ஒருவர் மனத்தில் இருக்க வேண்டும். திட்டமிடல் இசைத்தாளிலிருந்து தேர்வின் ஒழுங்குக்கு இடம் மாறியது. இடம் மாறியதால் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது. கற்க வருபவர்கள் அதைக் காணாமல் மென்பொருளை மட்டும் கண்டார்கள்.

முடிவுரை

மெழுகு தவறை மன்னிக்கவில்லை. படிநிலை தவறை மூத்தவர் கண்முன் நிகழவிட்டது. கணினி தவறை முடிவில்லாமல் தள்ளிப்போட அனுமதிக்கிறது. தள்ளிப்போட்ட முடிவுகள் எல்லாம் மிக்ஸிங் மேசையில் ஒரே நாளில் வந்து குவியும்போது, கற்பவர் தம் காதையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். ஆகவே இன்றைய ஒலிப்பதிவுக் கல்வி பழைய கட்டுப்பாடுகளை வேண்டுமென்றே வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு மைக், ஒரே டேக், எடிட்டிங் இல்லை என்ற விதியோடு முதல் பயிற்சிகள் அமையலாம். பதிவுக்கு முன் அமர்வுத் திட்டத்தை எழுதி, அதை மற்றவர் முன் நியாயப்படுத்தச் சொல்லலாம். பிறர் பதிந்ததைக் காப்பகப்படுத்துவதும் மாஸ்டரிங் செய்வதும் தம் முதல் பதிவுக்கு முன்பே மாணவர் கைக்கு வரலாம். சென்னைக் கல்வியில், இசைக்குறிப்பு வாசிப்பும் நம் ராக, தாளப் பயிற்சியும் ஒலிப்பதிவு மாணவருக்குக் கட்டாயமாக வேண்டும். பதிவு செய்யும் இசை எங்கே போகிறது என்று அறியாதவர் அதற்கு முன்னால் போய் நிற்க முடியாது. மென்பொருளின் பொத்தான்களை எவரும் சில வாரங்களில் கற்றுவிடலாம். அந்தப் பொத்தான்களைத் தொடுமுன் எதைக் கேட்க விரும்புகிறோம் என்று முடிவு செய்யும் துணிவுக்கு ஆசிரியரும் காலமும் வேண்டும். அதைத் தருவதற்காகவே ஒலிப்பதிவுக் கல்விக்கூடங்கள் இருக்கின்றன.