எச்சரிக்கை விளக்குகளின் கதை

"ஐயா, அப்பாவின் டீசல் பிக்கப்பில் சுருள் கம்பி போல ஒரு விளக்கு எரிகிறதே, அது என்ன?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை இங்கும் எழுதி வைக்கிறேன்.

தொடக்கக் கால வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தை முள் காட்டியது. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் முள்ளுக்குப் பதில் விளக்கைப் பொருத்தியது. 'முட்டாள் விளக்கு' என்று பலர் எள்ளினர். அதில் நியாயமும் உண்டு. முள், அழுத்தம் மெல்லச் சரிவதைக் காட்டும். விளக்கோ வீழ்ந்த பிறகே எரியும்.

டீசல் வண்டிகள் தமக்கே உரிய விளக்குகளைக் கொண்டுவந்தன. சுருள் விளக்கு, குளிர்ந்த இயந்திரம் சூடேற்றப்படுவதைக் குறிக்கும். அணைந்த பின்னரே முடுக்க வேண்டும். இன்னொன்று எரிபொருளில் நீர் கலந்ததை உணர்த்தும். அமெரிக்கப் பெரிய பிக்கப்புகளில், 2007ஆம் ஆண்டுப் புகைக் கட்டுப்பாட்டால் கரித்துகள் வடிகட்டியும், 2010ஆம் ஆண்டு விதிகளை ஒட்டி யூரியாக் கரைசல் தொட்டியும் இடம்பெற்றன. அவற்றுக்கும் தனி எச்சரிக்கைகள் உண்டு. கரைசல் தீர்வதைப் பொருட்படுத்தாவிடில் வண்டியின் வேகமே கட்டுப்படுத்தப்படும்.

மஞ்சள் 'கவனி' என்கிறது. சிவப்பு 'நிறுத்து' என்கிறது. "வீடு பக்கந்தானே" என்று சிவப்பு எண்ணெய் விளக்கோடு ஓட்டி, என் முதல் வண்டியின் இயந்திரத்தையே இழந்தவன் நான். விளக்கு தாமதமாகத்தான் பேசுகிறது; நாமும் தாமதிக்கலாமா?