ஒரு வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள்

விருத்தாசலம் சந்திப்பில் சென்னை–திருச்சி மார்க்கத்திலிருந்து ஒரு பாதை சேலத்திற்கும் மற்றொன்று கடலூர்த் துறைமுகத்திற்கும் பிரிவதைப் போல, விசையை அழுத்தியவுடன் எவ்வழி செல்வது என்று கேட்டு நிற்கும் திரையொன்று, 2011-க்குப் பின் தமிழ்நாட்டு மாணவர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்படி அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகளில், விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வன்தட்டில் அருகருகே அமர்ந்திருந்தன. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் உழைப்போரின் பிள்ளைகளுக்கும் இரண்டு இயங்குதளங்கள் ஒருசேரக் கிடைத்தது சாமானியமான காரியமன்று. அதன் பூர்வ சரித்திரத்தை அறிந்தால் இது விளங்கும்.

1983-இல் ஐபிஎம் கணினிக்கென வெளிவந்த டாஸ் 2.0 வன்தட்டைப் பிரிவுகளாக வகுக்கும் ஏற்பாட்டைக் கொணர்ந்தபோது, தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள், பிரிவுக்கு 16 பைட்டு வீதம், நான்கே பிரிவுகளின் எல்லைகளை எழுத இடம் ஒதுக்கப்பட்டது. கோப்புகள் யாவும் தட்டில் பத்திரமாக இருந்தபோதிலும், அந்த 64 பைட்டுகளில் எல்லை பிறழ்ந்துவிட்டால் அவை கணினியின் கண்ணுக்குப் புலப்படா. தட்டு முழுவதையும் டாஸே வியாபித்திருக்க, பின்னர் வரும் லினக்ஸுக்கு இடம் வேண்டுமாயின், எஃப்டிஸ்க் என்னும் டாஸ் நிரலைக் கொண்டு பழைய பிரிவை அழித்துச் சிறியதாக மீண்டும் உண்டாக்குவதே அக்காலத்து வழக்கம்; அதிலிருந்த யாவும் நஷ்டமாகும்.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்க 1990-களில் புழங்கிய ஃபிப்ஸ் என்னும் சிறு நிரலின் நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். முதலில் டிஃப்ராக் நிரலை ஓட்டி, சிதறிக் கிடக்கும் கோப்புகளைத் தட்டின் முற்பகுதிக்கு ஒதுக்குவார்கள். பிற்பகுதி மெய்யாகவே காலியாக இருக்கிறதா என்று ஃபிப்ஸ் பரிசோதித்து, எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்கும். எதையும் எழுதுமுன், பழைய எல்லைக் குறிப்புகளை ரூட்பூட்.000 என்னும் பெயரில் பிளாப்பியில் பிரதி எடுத்துக்கொள்ளவும் இடம் தரும். காரியம் பிசகினால் அந்தப் பிளாப்பியைக் கொண்டு முன்னிருந்த நிலையை மீட்கலாம். செய்ததை மாற்றிக்கொள்ளும் உபாயத்தைச் செய்யுமுன்பே சேமித்துத் தந்த அந்த அக்கறையை, அதன்பின் வந்த எந்த நவீன வசதியைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பரவிய என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் ஃபிப்ஸ் செல்லாமற் போகவே, லினக்ஸ் அன்பர்கள் என்டிஎஃப்எஸ்ரீசைஸ் என்ற கருவியைச் செய்தார்கள். 2007-இல் வெளியான விஸ்டாவிலோ பிரிவைச் சுருக்கும் வசதி விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆயினும் விண்டோஸை மறுபடி நிறுவினால் தட்டின் தொடக்கப் பகுதியை அது தன்வசமாக்கிக்கொள்ளும். லினக்ஸ் அப்படியே இருக்க, அதற்குரிய வாசல் மட்டும் மூடிவிடும். வாசலை மீண்டும் திறக்க, லினக்ஸின் தொடக்க நிரலான கிரப்பைத் திரும்ப நிறுவினாலே போதும். மடிக்கணினி பெற்ற ஒவ்வொரு மாணவருக்கும் இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பாவது திட்டத்தோடு சேர்ந்திருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இப்போதைய யூஇஎஃப்ஐ கணினிகளில் ஜிபிடி என்னும் புதிய பிரிவு முறை 128 பிரிவுகளுக்குச் சாதாரணமாக இடமளிப்பதுடன், ஒவ்வோர் இயங்குதளத்தின் தொடக்க நிரலும் பொதுவானதொரு சிறு பிரிவில் தனித்தனிக் கோப்பாகவே வைக்கப்படுகிறது. எனினும் பிரிவைச் சுருக்குமுன் கோப்புகளையெல்லாம் வெளித்தட்டொன்றில் பிரதி எடுத்து, அவற்றில் இரண்டொன்றைத் திறந்து பார்த்த பின்னரே அடுத்த வேலையில் இறங்கவேண்டும்.