இருபத்தாறு மாடி, இருபத்தாறு ஆண்டு

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால், பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ்டவுனிலும் உயர்ந்த மாடிகளில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். விளக்கு ஆடும், ஜனங்கள் படியிறங்கி ஓடிவருவார்கள். 2004 டிசம்பரிலும் 2012 ஏப்ரலிலும் நமக்கு அந்த அனுபவம் உண்டு. அதிர்வு அப்படிக் கடந்து போகாமல் நேராகவே தாக்கினால் ஒரு விடுதிக்கு என்ன ஆகும்? நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இருந்த கிராண்ட் சான்சலர் விடுதியின் வாழ்க்கை அதைச் சொல்லும்.

1980களின் நடுவில், காஷல் தெருவில் அது எழுந்தது. முதல் திட்டம் விடுதி அல்ல. கீழே கார் நிறுத்துமிடம், மேலே அலுவலகங்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மேல்பாதி விடுதி என்று மாற்றினார்கள். பக்கத்தில் ஒரு சந்து; அதன் வழியுரிமையால் அங்கே தூண் ஊன்ற முடியவில்லை. கட்டடத்தின் கிழக்குப் பக்கம் அந்தச் சந்தின் மேல் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த நீட்சியின் எடை, தென்கிழக்கு மூலையில் இருந்த ஒரு மெல்லிய கான்கிரீட் சுவரின் தலையில் விழுந்தது. 1986இல் 26 மாடிகளோடு கட்டி முடித்தார்கள். விருந்தினர் யாரும் அந்தச் சுவரை நினைத்திருக்க மாட்டார்கள்.

2010 செப்டம்பர் 4ஆம் தேதி 7.1 அளவிலான நிலநடுக்கம் வந்தது. விடுதி சிறு சேதத்தோடு தப்பித்துத் தொடர்ந்து இயங்கியது. 2011 பிப்ரவரி 22, பிற்பகல் 12.51க்கு வந்தது 6.3தான், ஆனால் நகருக்கு மிக அருகில், ஆழமில்லாமல் வெடித்தது. அந்த மூலைச் சுவரின் அடிப்பகுதி நொறுங்கியது. கட்டடத்தின் அந்தப் பக்கம் சுமார் 80 சென்டிமீட்டர் கீழே இறங்க, உச்சி ஒரு மீட்டருக்கும் மேல் சாய்ந்தது. மேல்மாடிப் படிக்கட்டுகள் இடிந்து விழுந்ததால், அங்கிருந்தவர்கள் மணிக்கணக்கில் சிக்கிப் பிறகு மீட்கப்பட்டார்கள்.

ஆனாலும் விடுதி விழவில்லை. விடுதிக்குள் ஒருவரும் சாகவில்லை. அதே நகரில், அதே நிமிடத்தில், சிடிவி கட்டடம் இடிந்து 115 பேர் மாண்டார்கள். மொத்த உயிர்ப்பலி 185. விடுதி எந்நேரமும் சரியலாம் என்று அஞ்சி, சுற்றியிருந்த தெருக்களை அடைத்தார்கள்.

சில நாட்களிலேயே அதை இடிப்பதென்று முடிவாயிற்று. சாய்ந்து நிற்பதை இடிப்பது ஆபத்தான வேலை. முதலில் உடைந்த பகுதிக்கு முட்டுக்கொடுத்து உறுதிப்படுத்தினார்கள். வெடி வைக்காமல், உச்சியிலிருந்து மாடி மாடியாகக் கழற்றினார்கள். 2012 மே மாதம் அந்த இடம் வெறும் மனையானது. அதே நகரின் இன்னொரு விடுதியான கிரவுன் பிளாசாவும் இடிக்கப்பட்டது. கதீட்ரல் சதுக்கத்து நோவோடெல் பழுதுபார்க்கப்பட்டு 2013இல் மீண்டும் திறந்தது. ஒரே அதிர்வுக்கு மூன்று விடுதிகளின் விதி இப்படிப் பிரிந்தது.

நிலநடுக்கச் சேதத்தை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் பார்வை தென்கிழக்கு மூலையின் அந்த ஒற்றைச் சுவரில்தான் வந்து நின்றது. தாங்க வேண்டிய எடைக்கு அது போதவில்லை. உள்ளிருந்த கம்பிக்கட்டு கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கவில்லை. வரைபடத்தில் விட்ட குறையை இருபத்தைந்து ஆண்டு கழித்து நிலம் கண்டுபிடித்தது.

பட்டர்வொர்த்துக்கு இது அந்நியமான பாடம் அல்ல. 1988 ஜூலை 31ஆம் தேதி நம் படகுத்துறை முனையம் இடிந்தபோது நிலம் அதிரவே இல்லை. தாங்க முடியாத கூட்டம் ஏறியதால் 32 பேரை இழந்தோம். மலேசியா நிலநடுக்கத்துக்கான தன் கட்டட வடிவமைப்பு விதிகளை 2017இல்தான் வெளியிட்டது. நம் உயரமான கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே எழுந்தவை. இங்கே பழைய கடைவீடுகளும் அலுவலகங்களும் தங்கும் விடுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. பயன் மாறினால் எடையும் மாறும். அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று ஒரு பொறியாளர் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். உரிமம் தரும் நகராண்மைக் கழகம் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.